விலா எலும்புக்காக எடுத்த சிடியில் 6 மி.மீ. நாட்யூல்: காத்திருக்கச் சொல்கிறார்கள், ஏன்?

அரைத்தூக்கம்:
எல்லோருக்கும் வணக்கம். வயது 46, புகைப் பழக்கம் கிடையாது, வீட்டில் யாருக்கும் நுரையீரல் புற்றுநோய் வந்ததில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் மாடிப்படியில் சறுக்கி விழுந்து வலது விலாவில் பலத்த அடி. எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு தப்பித்தது. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில், வலது நுரையீரலின் கீழ் மடலில் 6 மி.மீ. அளவில் திடமான ஒரு நாட்யூல் இருக்கிறது, தொடர்ந்து கவனிக்கவும் என்று ஒரு வரி. டாக்டர் அதைப் படித்துவிட்டு, "பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் இன்னொரு முறை எடுத்துப் பார்ப்போம்" என்று சொல்லி, வலி மாத்திரை எழுத ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அது பத்து நொடி விஷயம். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போச்சு.

என் கேள்வி ஒன்றுதான். ஒன்றுமில்லை என்றால் எதற்கு மறுபடியும் ஸ்கேன்? ஏதோ இருக்கிறது என்றால் எதற்கு ஆறு மாதம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்? இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்க முடியும்?

பிலிம்ரூம்:
முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. சிடி மெஷினை ஓட்டுகிற வேலை, 19 வருடமாக. இந்த வரி எழுதிய ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முகம் வெளுத்துப்போய் நிற்பவர்களைப் பார்க்காத வாரமே இல்லை.

நாட்யூல் என்று எழுதினால் நுரையீரலில் உருண்டையாக ஒரு புள்ளி தெரிகிறது, 3 செ.மீ.க்கு மேல் இல்லை, அவ்வளவுதான் அதற்குப் பொருள். 3 செ.மீ.யைத் தாண்டினால் மாஸ் என்று எழுதுவார்கள், அது வேறு கதை, அப்போது யாரும் ஆறு மாதம் கழித்து வா என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் புள்ளி எதனால் வந்தது என்று அந்த வார்த்தை சொல்லவில்லை. எப்போதோ வந்து நாமே கவனிக்காமல் ஆறிப்போன ஒரு தொற்றின் தழும்பாக இருக்கலாம். காசநோயும் சில பூஞ்சைத் தொற்றுகளும் இப்படித் தழும்பு வைத்துவிட்டுப் போவது சகஜம், அதற்கு கிரானுலோமா என்று பெயர். நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் குட்டி நிணநீர்க் கணுவாக இருக்கலாம், மடல்களுக்கு நடுவில் உள்ள பிளவை ஒட்டி முக்கோணமாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான். ஹமார்ட்டோமா என்கிற தீங்கில்லாத கட்டியாக இருக்கலாம். சிலருக்கு முடக்குவாதத்தால்கூட வரும். புற்றுநோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம், அதை மறைக்கவில்லை, ஆனால் 6 மி.மீ. அளவில், புகைக்காதவருக்கு, அந்த வாய்ப்பு மிகச் சிறியது.

அப்புறம் உங்கள் கேள்வி. இரண்டுமே உண்மைதான் தம்பி. ஒரே ஒரு ஸ்கேன் என்பது ஒரு போட்டோ. ஒரு பையனின் ஒரே ஒரு போட்டோவைக் காட்டி இவன் வளர்கிறானா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இரண்டாவது போட்டோ வேண்டும், அதுவும் கொஞ்ச நாள் இடைவெளி விட்டு எடுத்தது.

அரைத்தூக்கம்:
அண்ணா, பதிலுக்கு நன்றி. சரி, இரண்டாவது போட்டோ வேண்டும், புரிகிறது. அதை அடுத்த வாரமே எடுத்தால் என்ன? வளர்கிறது என்றால் அடுத்த வாரமும் கொஞ்சம் வளர்ந்திருக்கும்தானே?

பிலிம்ரூம்:
வளர்ந்திருக்கும், ஆனால் நமக்குத் தெரியாது. கணக்கைப் பாருங்கள். இது உருண்டை. உருண்டையின் விட்டம் 26 சதவீதம் கூடினாலே கனஅளவு இரண்டு மடங்காகிவிடும். அதாவது உங்கள் 6 மி.மீ. புள்ளி இரட்டிப்பானால் 12 ஆகாது, ஏழரைதான் ஆகும். ஒன்றரை மி.மீ. வித்தியாசம். அதே படத்தை இரண்டு பேர் அளந்தாலே அந்த அளவுக்கு முன்னே பின்னே வரும், போதாததற்கு முதல் தடவை நீங்கள் மூச்சை முழுதாக இழுத்துப் பிடித்திருப்பீர்கள், அடுத்த தடவை பாதிதான் பிடித்திருப்பீர்கள். அதனால்தான் குறைந்தது 2 மி.மீ. கூடியிருந்தால்தான் வளர்ந்திருக்கிறது என்று நம்புவார்கள்.

இப்போது காலத்துக்கு வாருங்கள். திடமான புற்றுக்கட்டி பெரும்பாலும் ஒரு மாதத்திலிருந்து சுமார் 400 நாளுக்குள் இரட்டிப்பாகும். அதைவிட வேகமாக, ஒன்றிரண்டு வாரத்தில் பெருத்தால் அது அநேகமாகத் தொற்று. இரண்டு வருடம் அசையாமல் கிடந்தால் அது பழைய தழும்பு மாதிரி ஏதோ ஒன்று. ஆக அடுத்த வாரம் எடுத்தால் அது புற்றாக இருந்தாலும் தழும்பாக இருந்தாலும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். நீங்கள் "வளரவில்லை" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள், அந்த சந்தோஷத்துக்கு ஒரு ஆதாரமும் இருக்காது. சும்மா உட்கார்ந்திருப்பதாக நீங்கள் நினைக்கிற அந்த ஆறு மாதம்தான் டெஸ்ட்டே. சிடி மெஷின் அதன் இரண்டு முனைகளையும் காட்டித் தருகிறது, அவ்வளவுதான்.

எதிர்க்கட்சி:
கணக்கெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் குணமாகும் என்று ஊர் முழுக்கப் பிரசாரம் செய்துவிட்டு, சின்னதாகக் கண்டுபிடித்தவனிடம் போய் வளரட்டும் பார்க்கலாம் என்பது எந்த ஊர் நியாயம்? நானாக இருந்தால் பெட் ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்து, அன்றைக்கே முடிவு தெரிந்துகொள்வேன். காத்திருக்கச் சொல்பவருக்கு என்ன, அவர் நுரையீரலா அது?

பிலிம்ரூம்:
பெட் ஸ்கேனில் 8 மி.மீ.க்குக் கீழே உள்ள புள்ளிகளை நம்பவே முடியாது. அதற்குத் தெரிவது உடம்பில் ஏற்றிய சர்க்கரையை எந்த இடம் வேகமாகச் சாப்பிடுகிறது என்பதுதான். சின்னப் புள்ளி எவ்வளவு சாப்பிட்டாலும் படத்தில் மங்கலாகத்தான் தெரியும். பெரிய புள்ளியிலும் சிக்கல் உண்டு. காசநோய்க் கிரானுலோமா புற்றுநோய் மாதிரியே பளிச்சென்று எரியும், கார்சினாய்டு என்கிற மெதுவாக வளரும் கட்டி எரியாமல் ஏமாற்றும்.

ஊசி? 6 மி.மீ. என்பது ஒரு மிளகு அளவு. அது மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் போய் வருகிறது. விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை விட்டு அதைக் குத்த வேண்டும். குத்தும்போது நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது அபூர்வம் இல்லை, பலருக்குத் தானாகச் சரியாகிவிடும், சிலருக்குக் குழாய் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இத்தனைக்கும் பிறகு "புற்றணு இல்லை" என்று பதில் வந்தால், புள்ளியில் இல்லையா அல்லது ஊசி புள்ளியில் படவே இல்லையா என்று எப்படித் தெரியும்? மறுபடி ஆறு மாதம் காத்திருந்து பார்க்கத்தான் வேண்டும்.

வெட்டுப்பட்டவள்:
எதிர்க்கட்சி சொன்ன பாதையில் நான் போயிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். என்னுடையது 14 மி.மீ., மேல் மடல், ஓரம் முள் முள்ளாக இருந்தது. அந்த அளவில் யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. பெட் எடுத்தார்கள், நன்றாக எரிந்தது. ஊசி போட்டார்கள், தெளிவில்லை. கடைசியில் சிறு துளைகள் வழியாக அந்தத் துண்டை ஆப்பரேஷன் செய்து எடுத்தார்கள். ரிசல்ட் காசநோய்க் கிரானுலோமா.

எல்லோரும் "அப்பாடா, புற்றுநோய் இல்லை, கொண்டாடு" என்றார்கள். நானும் கொண்டாடினேன். ஆனால் நெஞ்சில் மூன்று தழும்பு, பக்கவாட்டில் படுத்தால் இன்றைக்கும் சுருக்கென்று ஒரு வலி, மாத்திரையிலேயே சரியாகியிருக்க வேண்டிய ஒன்றுக்கு. அறுவை செய்தது தப்பு என்று சொல்லவில்லை, அன்றைக்கு இருந்த தகவலுக்கு அதுதான் சரியான முடிவு. 6 மி.மீ.க்கு இந்தப் பாதையைத் தேடிப் போகாதீர்கள் என்கிறேன்.

எதிர்க்கட்சி:
சரி அக்கா, அனுபவப்பட்டவர் சொல்கிறீர்கள், வாயை மூடிக்கொள்கிறேன். காத்திருக்கச் சொல்வது பிடிக்கவில்லை என்பதில் மட்டும் மாற்றம் இல்லை.

மகள்2:
காத்திருப்பது பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். காத்திருப்பதற்கும் மறந்துபோவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்கிறேன்.

அப்பா 40 வருடம் புகைத்தவர். பித்தப்பைக் கல்லுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே எடுத்த ஸ்கேனில் இடது மேல் மடலில் 9 மி.மீ. நாட்யூல் என்று எழுதியிருக்கிறார்கள், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கவும் என்றும் எழுதியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் அது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. பித்தப்பையை எடுத்த டாக்டருக்கு பித்தப்பைதான் கவலை. எங்களிடம் வாயைத் திறந்து யாரும் சொல்லவில்லை, நாங்களும் ஃபைலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டோம். இரண்டு வருடம் கழித்து இருமலில் ரத்தம் வந்தபோதுதான் அந்த ஃபைலை எடுத்து முழுதாகப் படித்தேன். அதற்குள் அது 9 மி.மீ. இல்லை. அப்பா அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தார்.

அதனால் அரைத்தூக்கம் அவர்களுக்கு: நீங்கள் பயந்து இங்கே வந்து எழுதியது நல்லது. அடுத்த ஸ்கேன் எந்த மாதம் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் அந்தத் தேதி தெரிந்திருக்கட்டும். யாரோ கூப்பிட்டு ஞாபகப்படுத்துவார்கள் என்று மட்டும் இருக்காதீர்கள்.

அரைத்தூக்கம்:
அக்கா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. போனில் தேதி போட்டுவிட்டேன். மனைவியின் போனிலும் போட்டாயிற்று.

புகைவிட்டவன்:
மகள்2 சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் அப்பாவுக்கு மூன்று மாதம், இவருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம், இந்த வித்தியாசம் டாக்டர் வாய்க்கு வந்தது இல்லை. பிளைஷ்னர் சொசைட்டி என்று நெஞ்சுப் படத்துக்கான நிபுணர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது, அவர்கள் 2017ல் புதுப்பித்த அட்டவணையைத்தான் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். திடமான ஒற்றைப் புள்ளி 6 மி.மீ.க்குக் கீழ் இருந்து, ஆபத்துக் காரணிகள் குறைவாக இருந்தால் மறு ஸ்கேனே வேண்டாம். 6 முதல் 8 வரை என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் ஒன்று. 8க்கு மேல் போனால் மூன்று மாதத்தில் சிடி, அல்லது பெட், அல்லது திசு எடுப்பது என்று யோசிக்கச் சொல்கிறது. புகை, வயது, மேல் மடல், முள் முள்ளான ஓரம், குடும்பத்தில் புற்றுநோய், ஆஸ்பெஸ்டாஸ், ரேடான் என்கிற கதிரியக்க வாயு எல்லாம் ஆபத்தைக் கூட்டும் காரணிகள்.

இந்த அட்டவணை 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கோ, ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களுக்கோ, எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கோ பொருந்தாது. அவர்கள் இதைப் படித்துவிட்டுத் தானே முடிவெடுக்கக் கூடாது.

நான் புகையை விட்டு 11 வருடம். வருடத்துக்கு ஒருமுறை குறைந்த கதிர்வீச்சு சிடி எடுக்கிறேன். முதல் வருடமே இரண்டு புள்ளி. அப்போது ஒருவர் எனக்கு ஒரு பழைய ஆய்வைச் சொன்னார், 2011ல் வெளியானது, அமெரிக்காவில் நிறையப் புகைத்த 53,000க்கும் அதிகமானவர்களை வைத்துச் செய்தது. அதில் சிடி எடுத்தவர்களுக்கு மூன்று சுற்றும் சேர்த்து சுமார் 24 சதவீத ஸ்கேன்களில் ஏதோ தென்பட்டது என்று குறித்தார்கள். அப்படிக் குறித்தவற்றில் 96 சதவீதத்துக்கு மேல் புற்றுநோய் இல்லை என்று முடிந்தது. என்னை மாதிரி ஊதித் தள்ளியவர்களிடமே இந்தக் கதை. ஆனால் அதே ஆய்வில்தான் எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட சிடி எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்தது. அதனால் புள்ளிக்குப் பயந்து ஸ்கேனை விடவும் இல்லை.

அரைத்தூக்கம்:
ஒரு வெட்கக்கேடான கேள்வி. நாட்யூல் என்று படித்த நாளிலிருந்து மூச்சை இழுக்கும்போது வலது பக்கம் சரியாக அந்த இடத்தில் குத்துகிறது. முன்னால் இப்படி இருந்ததில்லை.

பிலிம்ரூம்:
தம்பி, நீங்கள் மாடிப்படியில் விழுந்து வலது விலாவில் அடிபட்டவர். அதனால்தான் ஸ்கேனே எடுத்தீர்கள்.

நுரையீரலின் சதைக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள நெஞ்சுச் சுவரின் உறைக்குத்தான் தெரியும். உள்ளே உட்கார்ந்திருக்கும் மிளகு வலிக்காது, இருமலும் தராது. சின்ன நாட்யூல்கள் வேறு எதற்கோ எடுத்த படத்தில் மாட்டுவதே அதனால்தான்.

அரைத்தூக்கம்:
ஆமாம். விழுந்ததையே மறந்துவிட்டேன் பாருங்கள்.

தாமரையிலை:
ஒரு எச்சரிக்கை, இந்த இழையில் இதுவரை பேசியதெல்லாம் திடமான நாட்யூலுக்கு. என்னுடையது கிரவுண்ட் கிளாஸ் வகை, படத்தில் கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி மங்கலாக இருக்கும், பின்னால் இருக்கும் ரத்தக் குழாய்கள் அதன் வழியாகவே தெரியும். 8 மி.மீ. இதற்குக் கடிகாரமே வேறு. சில சமயம் வெறும் அழற்சியாக இருந்து அடுத்த ஸ்கேனில் காணாமல் போய்விடும். போகாமல் தங்கினால் மிக மிக மெதுவாக வளரும் வகையாக இருக்கலாம், அதனால் இரண்டு வருடம் அசையவில்லை என்பது இங்கே போதாது. ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் ஒன்று, அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று ஐந்து வருடம் வரை பார்க்கச் சொல்கிறார்கள். மங்கலுக்கு நடுவே திடமாக ஏதாவது முளைக்கிறதா என்பதுதான் முக்கியம், விட்டத்தைவிட அதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

எனக்கு இது நான்காவது வருடம். ஸ்கேனுக்கு முந்தைய வாரம் வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவு எரிந்து விழுவேன். மற்ற நாட்களில் நிஜமாகவே ஞாபகம் வருவதில்லை. முதல் வருடம் நான் இதை நம்பியிருக்க மாட்டேன்.

சும்மாபடிப்பவன்:
இத்தனை சிடி எடுத்தால் கதிர்வீச்சாலேயே புற்றுநோய் வராதா? என் நண்பர் ஒருவர் மூலிகைச் சாறு குடித்து நாட்யூலையே கரைத்துவிட்டார், ஸ்கேனில் காட்டினார்.

பிலிம்ரூம்:
கண்காணிப்புக்குக் குறைந்த அளவில்தான் எடுப்பார்கள், ஒரு தடவைக்குச் சுமார் ஒன்றரை மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). சும்மா பூமியில் வாழ்வதற்கே நம் எல்லோருக்கும் வருடத்துக்கு சராசரியாக 2.4 இயற்கையாகவே வருகிறது. பூஜ்யம் இல்லை, தேவையில்லாமல் எடுக்கக் கூடாது, பயந்து தேவையானதை விடவும் கூடாது.

சாறு விஷயம்: தொற்றால் வந்த புள்ளி தானாகவே கரையும். அந்த சமயத்தில் வாயில் என்ன போகிறதோ அதற்குப் பெயர் கிடைக்கும்.

அரைத்தூக்கம், உங்களிடம் ஒன்று கேட்க மறந்துவிட்டேன், இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா? நெஞ்சுக்கு எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் புள்ளி கீழ் மடலில் இருக்கிறது. வயிற்றுக்கு சிடி எடுத்தால் நுரையீரலின் அடிப்பகுதியும் அதில் விழும். எக்ஸ்ரே பிரயோஜனப்படாது, இவ்வளவு சின்னது அதில் தெரியாது.

அரைத்தூக்கம்:
சிறுநீரகக் கல்லுக்காக ஐந்து வருடம் முன்னால் வயிற்றுக்கு சிடி எடுத்தேன்! அந்தப் படங்களைப் பதிந்து தந்த தட்டு எங்கே என்றுதான் தெரியவில்லை. தேடுகிறேன்.

பிலிம்ரூம்:
வீட்டில் கிடைக்காவிட்டால் எடுத்த இடத்திலேயே கேளுங்கள், பெரும்பாலும் சேமித்து வைத்திருப்பார்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படம் வேண்டும். கல்லைத் தேடியவர் கல்லைப் பற்றித்தான் எழுதியிருப்பார்.

அரைத்தூக்கம்:
ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தட்டு கிடைத்தது, குழந்தைகளின் பழைய சினிமா தட்டுகளுக்கு நடுவில். ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் டாக்டர், ரேடியாலஜிஸ்ட், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். புள்ளி அப்போதே இருக்கிறது! அதே இடம், அதே உருவம். அந்த ரிப்போர்ட்டில் நீங்கள் சொன்ன மாதிரியே கல்லைப் பற்றி மட்டும்தான், நுரையீரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐந்து வருடமாக இதை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன், மலையேகூட ஏறியிருக்கிறேன்.

முழு விடுதலை இன்னும் இல்லை. பழைய படம் 5 மி.மீ. தடிமனான துண்டுகளாக எடுத்தது, புள்ளியே அந்த அளவுதான், அதனால் சரியாக அளக்க முடியவில்லை, "ஏறக்குறைய அதே அளவு" என்றுதான் எழுதித் தந்திருக்கிறார். ஒரு வருடம் கழித்து மெல்லிய துண்டாக ஒரே ஒரு ஸ்கேன், அதிலும் இப்படியே இருந்தால் கோப்பை மூடிவிடலாம் என்கிறார் டாக்டர். போனில் தேதியை மாற்றிவிட்டேன். இரண்டு போனிலும்.

மகள்2:
சந்தோஷம் தம்பி. அந்தத் தட்டைப் பத்திரமாக வையுங்கள்.

புதியவர்_09:
வணக்கம், நேற்று இரவிலிருந்து இதே இழையைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இரண்டு இருக்கிறதாம், 4 மி.மீ. ஒன்று, 7 மி.மீ. ஒன்று. மிகவும் பயமாக இருக்கிறது, யாராவது பதில் சொல்லுங்கள்.

பிலிம்ரூம்:
வாங்க. பல புள்ளி இருந்தால் பொதுவாகப் பெரியதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். வயது என்ன, புகை உண்டா, திடமா மங்கலா, அப்புறம் பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா?